ஹக்கீம் அஜ்மல்கான்

சிவகாசி மத்தாப்பின் பல வண்ண ஒளிகளைக் கண்டு மகிழாதார் நம் விருதுநகர் வட்டாரத்தில் இலர். அவற்றுள் மஞ்சள் ஒளியைத் தருவது சோடியம் என்னும் உலோகத்தின் உப்பேயாம். அச்சோடியமே, அயனி என்னும் மின்னேற்றம் பெற்ற நுண்துகளாய் நம் இதயத்தின் உயிரணுக்களுட் புகுந்து, ஒவ்வொரு துடிப்பையும் இதயமெங்கும் பரவச் செய்கின்றது. அத்துகள்கள் புகும் வாயிலை அடைக்கவல்ல மருந்தொன்று, நம் நாட்டு வேரொன்றிலிருந்து 1931-ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பெற்றது. அஜ்மலின் என்பது அதன் பெயர். அப்பெயருக்கு உரிய பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

அஜ்மல்கான் 1868-ஆம் ஆண்டில் தில்லிமாநகரில் பிறந்தார். மொகலாய மன்னர் காலந்தொட்டு யூனானி வைத்தியத்திற் சிறந்து விளங்கிய குடும்பம் அவருடையது. இளமையிலேயே அரபு, பாரசீக மொழிகளையும், தம் குலத்தொழிலாகிய வைத்தியத்தையும் ஐயந்திரிபறக் கற்றார். 1892-ஆம் ஆண்டில் ராம்பூர் நவாபின் அரண்மனை வைத்தியராக அமர்ந்தார். சிற்றரசர்கள் அழைத்தால் பெரும்பொருள் பெறுவார். தில்லியில் தம் வாயிலை நாடி வந்த ஏழைகளிடமோ கைந்நீட்டிலர். நாடி பிடித்தறிவதில் அவர்க்கிருந்த வன்மை நாடெங்கும் பேசப்பட்டது.

நிற்க. அக்காலத்தில் நாட்டு வைத்தியத்திற்கு ஒரு பேரிடர் நேர்ந்தது. ஆங்கில வைத்தியம் கற்றோரையே பதிவு செய்யும் சட்டங்கள் பிறக்கலாயின. ஹக்கீம்களும் வைத்தியர்களும் மதிப்பிழக்கும் நிலை வந்தது. அஜ்மல்கான் 1910-ஆம் ஆண்டில் ஆயுர்வேத வைத்தியரையும் யூனானி வைத்தியரையும் ஒரே மாநாட்டிற் கூட்டி அதனை எதிர்த்தார். எனினும் பழமை என்பதொன்றே பற்றி எதனையும் அவர் போற்றினாரல்லர். 1911-ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்குச் சென்று, அங்குள்ள மருத்துவசாலைகளைத் தம் கண்ணாரக் கண்டு திரும்பினார். தம் குடும்பத்தார் தொடங்கிய வைத்தியப் பள்ளியைப் பெருங் கலாசாலையாக்க உறுதி பூண்டார். அதற்கு 1916-ஆம் ஆண்டில் ராஜப்பிரதிநிதி ஹார்டிஞ்சு பிரபு அடிக்கல் நாட்டினார். 1921-ஆம் ஆண்டில் காந்தியடிகள் திறந்து வைத்தார். ஆயுர்வேதமும் யூனானியும் அங்கு ஒரு கூரையின்கீழ்க் கற்பிக்கப்பட்டன. மேனாட்டு உடற்கூற்று நூலும் உடன் இடம்பெற்றது.

அரசாங்கம் அவருக்குப் பட்டமளித்துச் சிறப்பித்திருந்தது. ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, 1920-ஆம் ஆண்டில், அப்பட்டத்தை அவர் துறந்தார். அவ்வாண்டிலேயே நிறுவப்பெற்ற ஜாமியா மில்லியாவின் முதல் வேந்தரானார். 1921-ஆம் ஆண்டு டிசம்பரில், சித்தரஞ்சன்தாஸ் சிறைப்பட்டமையால், ஆமதாபாத்தில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு இவரே தலைமை வகித்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கு வாழ்தல் வேண்டும் என்பதே அவர்தம் வாழ்நாள் வேட்கை.

ஆயினும் அவர் உள்ளத்தில் ஒரு குறை இருந்துகொண்டே வந்தது. நம் மூலிகைகளின் குணத்தை இரசாயன முறையில் ஆய்ந்து நிறுவுவார் வேண்டுமன்றோ? ஜெர்மனியிற் பயின்ற சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் இளைஞரை அவர் அப்பணிக்குத் தூண்டினார். அந்தோ! 1927-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள், ராம்பூரில் அஜ்மல்கான் காலமானார். இளைஞர் தாய்நாடு திரும்பி அக்கலாசாலையில் ஆராய்ச்சி தொடங்கியபோது அதனைக் காண அவர் இலர்.

சித்திக்கியார், பாம்புக்கடிக்கும் பித்துக்கும் மக்கள் நெடுங்காலமாய் வழங்கிவந்த சர்ப்பகந்தி வேரை ஆய்ந்தார். 1931-ஆம் ஆண்டில் அதனின்று பல சத்துக்களைப் பிரித்து, அவற்றுள் ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். அஃது இதய அணுக்களின் சோடிய வாயில்களை அடைத்து, துடிப்பின் ஓட்டத்தைத் தாமதிக்கச் செய்யும் என்பது பின்னரே தெளிவாயிற்று. பிறவியிலேயே அவ்வாயில்கள் குறைபாடுடையனவாய் அமைந்தோர் சிலர் உளர். நல்ல உடலினராய்த் தோன்றும் அவர்கள் உறக்கத்திலேயே திடீரென மாள்வதுண்டு. 1992-ஆம் ஆண்டில் புருகாடா சகோதரர் விளக்கிய இந்நோய், சிலரிடம் சாதாரணச் சோதனையில் ஒளிந்திருக்கும். மருத்துவசாலையில் அஜ்மலினைக் குருதிநாளத்திற் செலுத்தி, இதய மின்வரைவை நோக்குங்கால் அஃது வெளிப்படுகின்றது. ஆயின் அம்மருந்தே ஆபத்தான துடிப்பையும் விளைக்கக்கூடும். ஆதலின் தேர்ந்த மருத்துவர் உடனிருந்து, உயிர்காக்கும் கருவிகளோடு மட்டுமே அதனைச் செலுத்துவர். வேரைத் தாமே அரைத்துக் குடித்தல் அறிவுடையார் செயலன்று.

மாணவ நண்பர்களே! சதுரகிரியின் மூலிகைகளைப் பற்றி நம் முன்னோர் சொல்லிவைத்தவை பல. அவற்றை ஆராயாது இகழ்தலும் பிழை. ஆராயாது நம்புதலும் பிழை. சோதித்தறிக என்பதே அஜ்மல்கான் நடந்து காட்டிய நெறி. தாம் காணாத கனிக்கு மரம் நட்ட அப்பெரியாரின் பெயர், இன்று ஒரு மருந்தின் பெயராய், நோயாளியின் இதயத்தருகே நின்று காவல் புரிகின்றது. அவ்வழி நாமும் செல்வோமாக.