ஒழுகினசேரி தந்த கலைவாணர்



நாகர்கோவில் என்று சொன்னதும் வெளியூர்க்காரர்களுக்கு நேந்திரங்காய் சிப்ஸ்தான் ஞாபகம் வரும். நமக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வரும். ஆனால் அது அந்தக் காலம் தொட்டே சந்தை ஊர். கோட்டாறு கடைத்தெருவும் வடசேரி கனகமூலம் சந்தையும் இல்லாமல் நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு ஒரு கல்யாணமோ கொடையோ நடந்தது கிடையாது.

அந்தச் சந்தை ஊரும் சுற்றி உள்ள கிராமங்களும் காய்கறியும் நெல்லும் மட்டும் தரவில்லை. நல்ல மனிதர்களையும் தந்தன. நமக்குப் பக்கத்தில் இருக்கும் தேரூரில் 1876-ல் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்தார். பூதப்பாண்டியில் 1907-ல் பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தம் பிறந்தார். அதற்கு அடுத்த வருஷம், 1908 நவம்பர் 29-ல், பழையாற்றின் கரையில் உள்ள ஒழுகினசேரியில் இன்னொரு பிள்ளை பிறந்தது. அப்பா சுடலைமுத்து, அம்மா இசக்கியம்மாள். பிள்ளைக்குக் கிருஷ்ணன் என்று பேர் வைத்தார்கள். நாகர்கோவில் சுடலைமுத்து கிருஷ்ணன். அவர்தான் நாடே அறிந்த என்.எஸ். கிருஷ்ணன், நம்ம கலைவாணர்.

எல்லோரும் அவரைச் சிரிப்பு நடிகர் என்றுதான் சொல்லுகிறார்கள். அது சரிதான். ஆனால் நம்மைப் போன்ற மாணவர்களுக்கு அவர் அதற்கும் மேலே. அவரை ஒரு வாத்தியார் என்றே சொல்லலாம். அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நாலாம் வகுப்போடு நின்ற படிப்பு

அன்றைக்கு நாகர்கோவில் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. கிருஷ்ணன் வீட்டில் வறுமை. நாலாம் வகுப்போடு படிப்பு நின்று போயிற்று. பிறகு கிடைத்த வேலை எல்லாம் பார்த்தார். டென்னிஸ் ஆடுகிற இடத்தில் பந்து பொறுக்கிப் போட்டார். மளிகைக் கடையில் வேலை செய்தார். சாயங்காலம் ஆனால் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார்.

முறுக்கு விற்கப் போன இடத்தில் மனசு மேடைக்குப் போய்விட்டது. நம்ம ஊரில் சுடலைமாடன் கோவில் கொடையிலும் இசக்கியம்மன் கோவில் கொடையிலும் விடிய விடிய வில்லுப்பாட்டு நடக்கும் அல்லவா? அந்தக் கலை அவருக்குச் சின்ன வயசிலேயே வந்துவிட்டது. கதை சொல்லும்போது எங்கே நிறுத்த வேண்டும், எங்கே ஆளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்ற கணக்கு வில்லடியில்தான் அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் கொடுக்காததைக் கோவில் கொடை கொடுத்தது என்று சொன்னால் தப்பில்லை.

டி.கே.எஸ். சகோதரர்களின் நாடக சபாவில் சேர்ந்தார். அங்கே பாட்டு, நடிப்பு, மேடை ஒழுங்கு எல்லாம் கற்றார். நமக்கு ஒர்க்‌ஷாப் எப்படியோ, அவருக்கு நாடகக் கம்பெனி அப்படி!

வெள்ளித்திரையில்

1935-ல் வந்த மேனகா, 1936-ல் வந்த சதிலீலாவதி ஆகிய படங்களில் நடித்தார். சதிலீலாவதியை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் தோன்றியதும் அந்தப் படத்தில்தான்.

வசந்தசேனா படத்துக்காகப் புனேவுக்குப் போனபோது டி.ஏ. மதுரம் அம்மையாரைச் சந்தித்தார். இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அதற்குப் பிறகு திரையில் இந்த ஜோடி வந்தாலே கொட்டகையில் கைதட்டல்தான்.

இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். அவர் மற்றவர் எழுதிக் கொடுத்ததைப் பேசிவிட்டுப் போகிறவர் இல்லை. படத்தின் நகைச்சுவைப் பகுதியைத் தாமே யோசித்து, தம்முடைய குழுவை வைத்தே எடுத்துக் கொடுப்பார். மெயின் கதை ஒரு பக்கம் ஓடும், இவர் பகுதி தனியாக ஒரு பக்கம் ஓடும். நம்ம பாஷையில் சொன்னால், டிசைனும் அவர், புரொடக்‌ஷனும் அவர்!

அவர் யாருடைய உடம்புக் குறையையும் காட்டிச் சிரிக்க வைத்துப் பிழைத்தவர் இல்லை. மூட நம்பிக்கை, தீண்டாமை, குடி இவற்றைத்தான் எடுத்துக்கொண்டார். கேட்கிறவன் முதலில் சிரிப்பான். வீட்டுக்குப் போகிற வழியில்தான், அடடே, இது நம்மைத்தானே சொன்னார் என்று உறைக்கும். காந்தியடிகள் மீது பக்தி, பெரியாரின் கருத்துகள் மீது மதிப்பு, இரண்டும் அவரிடம் இருந்தன.

விஞ்ஞானத்தை வளர்க்கப் போவதாக மனைவியிடம் பெருமை அடித்துக்கொள்ளும் அவருடைய பாட்டு ஒன்று உண்டு. பட்டனைத் தட்டினால் தட்டில் இட்லியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்கணும் என்று அதில் ஆசைப்படுவார். அன்றைக்கு ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்றைக்கு நாம் ஆட்டோமேஷன் என்று ஒரு பாடமே படிக்கிறோம்!

முப்பது மாதச் சிறை

1944-ல் அவர் புகழின் உச்சியில் இருந்தார். அந்த வருஷம் தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ் படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதரோடு அவரும் இருந்தார். சென்னையில் மூன்று தீபாவளியைப் பார்த்த படம் அது.

அதே 1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். சினிமாக்காரர்களைப் பற்றி அசிங்கமாக எழுதிவந்தவர் அவர். அந்தக் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கே.யும் கைதானார்கள். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட்டும் அதையே உறுதி செய்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்தது. கடைசியில் 1947 ஏப்ரலில், நாடு விடுதலை அடைவதற்கு நாலு மாதம் முன்பு, இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை ஆனார்கள். ஏறத்தாழ முப்பது மாதம் சிறையில் போயிற்று.

இந்த முப்பது மாதமும் வெளியே நின்று போராடியவர் மதுரம் அம்மையார். வழக்கு நடத்தப் பணம் வேண்டும். கணவர் பேரிலேயே நாடக சபா தொடங்கினார். எஸ்.வி. சகஸ்ரநாமம் துணை நின்றார். நாடகம் போட்டு, குழுவையும் காப்பாற்றி, வழக்கையும் நடத்தினார்கள். கலைவாணர் வரலாற்றைப் பேசுகிறவர்கள் மதுரம் அம்மையாரை ஒரு வரியில் தாண்டிப் போய்விடக் கூடாது.

வெளியே வந்த இருவரில் பாகவதருக்குப் பழைய நிலை திரும்பவில்லை. என்.எஸ்.கே.யோ மறுபடியும் எழுந்தார். கலைவாணர் என்ற பட்டம் கிடைத்ததும் 1947-ல்தான். சிறை அவர் சிரிப்பைப் பறிக்கவில்லை. சொல்லப் போனால், அவருடைய மிகப் பெரிய வேலையே அதற்குப் பிறகுதான் வந்தது.

கிந்தனார்

அதுதான் கிந்தனார் கதாகாலட்சேபம். அறிஞர் அண்ணா எழுதி 1949-ல் வந்த நல்லதம்பி படத்தில் அது இடம்பெற்றது. பாட்டு உடுமலை நாராயணகவி.

நந்தனார் கதை நமக்குத் தெரியும். சிதம்பரம் போய் நடராசரைப் பார்க்க ஆசைப்பட்ட ஏழைப் பண்ணையாள். ஒடுக்கப்பட்ட சாதி என்று தடுத்தார்கள். கலைவாணர் அந்தக் கதையை அப்படியே திருப்பிப் போட்டார். அவருடைய கிந்தனும் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைதான். ஆனால் அவனுக்கு ஆசை கோவில் மேல் இல்லை, படிப்பின் மேல். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடித்து விரட்டுகிறார். பையன் ரயில் ஏறிச் சென்னைக்குப் போகிறான். படிக்கிறான். கடைசியில் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் அதிகாரியாக அதே ஊருக்குத் திரும்பி வருகிறான். விரட்டிய வாத்தியார் அவன் முன்னால் நிற்க வேண்டி வருகிறது!

ஜிப்பாவும் சப்ளாக்கட்டையுமாகப் பாகவதர் மாதிரி நின்று அவர் இதைச் சொல்லும்போது சிரிப்பு தாங்காது. ஆனால் எனக்கு முதல் தடவை பார்த்தபோது பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

காரணம் சொல்லுகிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கட்டட வேலைக்குப் போகிறார். அம்மைக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். நான் இங்கே சேருவதற்கு ஒரு சான்றிதழ் வாங்க அப்பாவோடு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். பாரத்தை நிரப்பத் தெரியாமல் அப்பா கேட்டபோது, எழுதப் படிக்கத் தெரியாதவன் பிள்ளைக்கு என்னத்துக்கு இந்தப் படிப்பு என்கிற மாதிரி ஒருவர் பேசினார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து எனக்கு ஒரு சர்பத் வாங்கித் தந்தார், அவ்வளவுதான். கிந்தன் கதை பார்க்கும்போது அந்தச் சர்பத்து ஞாபகம் வந்தது.

நாலாம் வகுப்போடு நின்ற ஒருவர், தாம் இழந்தது இன்னது என்று தெரிந்து, அதை அடுத்தவன் பிள்ளை இழக்கக் கூடாது என்று பாட்டுப் பாடியிருக்கிறார். அதனால்தான் அவரை வாத்தியார் என்றேன்.

கொடுத்துச் சிவந்த கை

அவர் கொடைக்குக் கணக்கு இல்லை. உதவி என்று வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார் என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்லுவார்கள். பணம் மட்டும் இல்லை, வாய்ப்பும் கொடுத்தார். திருநெல்வேலிப் பக்கத்து இளைஞரான சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துப் போனவர் இவர்தான். அந்தச் சுப்பு ஆறுமுகம் பிறகு வில்லிசைக்கே பேர் வாங்கித் தந்து, 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். தாம் இயக்கிய மணமகள் படத்தில் (1951) பத்மினியைக் கதாநாயகி ஆக்கினார். பணம் படத்தில் (1952) விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரையும் இரட்டை இசையமைப்பாளர்களாகச் சேர்த்து வைத்தார்.

ஒரு தேர்தல் கதையும் சொல்லுவார்கள். 1957-ல் அண்ணா காஞ்சிபுரத்தில் நின்றார். எதிர்த்து நின்றவர் ஊரில் நல்ல பேர் உள்ள டாக்டர். பிரசாரத்துக்குப் போன கலைவாணர், டாக்டரைத் திட்டவில்லை. அவர் கைராசியை, அவர் குணத்தைப் புகழ்ந்துகொண்டே போனாராம். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில், இவ்வளவு நல்ல டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் நம்ம நோயை யார் பார்ப்பது, அதனால் அவரை இங்கேயே வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தாராம். அண்ணா ஜெயித்தார். எதிராளியைக் கேவலப்படுத்தாமலும் ஜெயிக்கலாம் மக்கா! நம்ம யூனியன் தேர்தலுக்கும் இது பாடம்தான்.

மறைவு

1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அடுத்த வருஷம் 1957 ஆகஸ்ட் 30-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் கலைவாணர் காலமானார். வயசு நாற்பத்தெட்டுதான். கோடி கோடியாய்ச் சேர்த்து வைக்க வாய்ப்பு இருந்தும் கொடுத்தே தீர்த்தவர், கடைசி நாட்களில் பணக் கஷ்டம் பட்டார்.

சென்னை தியாகராய நகரில் அவர் சிலையை 1969 ஜனவரியில் முதலமைச்சர் அண்ணா திறந்துவைத்தார். அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுதான். சென்னையில் அரசாங்கத்தின் கலைவாணர் அரங்கம் அவர் பேரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. கொரோனா காலத்தில் சட்டசபையே அங்கேதான் கூடியது. நாலாம் வகுப்புப் படித்தவர் பேரில் உள்ள கட்டடத்துக்குள் நாட்டின் சட்டம் பேசப்பட்டது!

நண்பர்களே! நம்மில் பல பேர் வீட்டில் முதல் முதலாக டிப்ளமா படிக்க வந்தவர்கள். அரியர் விழுந்தால் முகம் வாடுகிறோம். இங்கிலீஷ் தெரியவில்லை என்று பின் பெஞ்சில் ஒளிகிறோம். கிந்தனுக்குப் பள்ளிக்கூட வாசலே அடைத்திருந்தது. நமக்கு வாசல் திறந்திருக்கிறது. அதைத் திறந்துவைக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர், முறுக்குத் தட்டோடு வாழ்க்கையைத் தொடங்கிய நம்ம ஊர்க்காரர். படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு, பாரம் நிரப்பத் தெரியாமல் நிற்கிற ஒரு அப்பாவைப் பார்த்தால், பேனாவை எடுத்து நாமே நிரப்பிக் கொடுப்போம். கலைவாணருக்கு நாம் செய்கிற மரியாதை அதுதான்.

வாழ்க கலைவாணர் புகழ்!

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு)