பித்தளையோடு பேசிய மனிதர்: பி.ஓ. ஆக்லி

தோட்டான்னு சொன்னா நமக்கெல்லாம் பறந்து போற குண்டுதான் ஞாபகம் வரும். சுட்டதும் கீழே விழுற பித்தளைக் கூட்டை யாரும் கண்டுக்க மாட்டாங்க. அந்தக் கூட்டையே வாழ்க்கை முழுக்க ஆராய்ச்சி செஞ்ச ஒருத்தர்தான் பார்க்கர் ஓட்டோ ஆக்லி. மெக்கானிக்கல் பசங்க மட்டும் இல்ல, எல்லாருமே தெரிஞ்சுக்க வேண்டிய ஆள்.

1903-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கிரான்வில் என்ற ஊரில் பிறந்தார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் படித்தது என்ன தெரியுமா? விவசாயம்! 1936-ல் ஓரிகான் மாநிலத்தின் ரோஸ்பர்க் ஊருக்குப் போய் ஒரு துப்பாக்கிப் பட்டறையை விலைக்கு வாங்கினார். நாடே பொருளாதார மந்தத்தில் தவித்த நேரம் அது. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத் தளவாடத் துறையில் வேலை. போர் முடிந்ததும் கொலராடோவில் உள்ள டிரினிடாட் ஜூனியர் காலேஜில் 1951 வரை துப்பாக்கித் தொழில் கற்றுக்கொடுத்தார். அதன்பிறகு சால்ட் லேக் சிட்டிதான் அவர் ஊர்.

அவர் பேர் நிலைச்சது "ஆக்லி இம்ப்ரூவ்டு" தோட்டாக்களால். விஷயம் இதுதான். ரைஃபிள் தோட்டாக் கூடு ஒரு பாட்டில் மாதிரி: உடம்பு, தோள், கழுத்து. கம்பெனித் தோட்டாக்களில் உடம்பு மேலே போகப் போக ஒடுங்கும், தோள் சரிவா இருக்கும். உதாரணமா .30-06 தோட்டாவின் தோள் கோணம் 17.5 டிகிரி. ஆக்லி உடம்பை கிட்டத்தட்ட நேராக்கி, தோளை 40 டிகிரிக்கு நிமிர்த்தினார். உள்ளே மருந்துக்கு இடம் கூடும். சுடும்போது பித்தளை கழுத்துப் பக்கம் நீள்வதும் குறையும். அதனால கூட்டை அடிக்கடி வெட்டிச் சரிசெய்யுற வேலை மிச்சம்.

இந்தப் புது வடிவத்துக்கு டை, பிரஸ் எல்லாம் தேடி அலைய வேண்டாம். துப்பாக்கியின் சேம்பரைப் புது அளவுக்குக் கடைந்துவிட்டு, கடையில் வாங்கின சாதாரணத் தோட்டாவையே போட்டுச் சுட்டா போதும். உள்ளே எழுற அழுத்தம் பித்தளையை ஊதி, சேம்பர் சுவரோடு ஒட்டவைக்கும். வெளியே வரும்போது கூடு புது வடிவத்தில் இருக்கும். இதுக்குப் பேர் ஃபயர் ஃபார்மிங். 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம் கலந்த அந்தப் பித்தளை நல்லா விரியும், சுட்டதும் கொஞ்சம் சுருங்கி சுவரை விட்டு விலகும். ஆனா திரும்பத் திரும்ப வேலை வாங்கினா கெட்டியாகி கழுத்தில் விரிசல் விடும். அதனாலதான் கழுத்தை மட்டும் சூடுபண்ணி இளக்குவாங்க. மெட்டலர்ஜி வகுப்பில் படிச்ச அனீலிங்தான்!

இதுல ஒரு ஆபத்து இருக்கு. தோட்டா சேம்பருக்குள் தளர்வா நின்னா, சுடும்போது முன்பாதி சுவரைப் பிடிச்சுக்கும், அடிப்பாகம் பின்னால தள்ளப்படும். நடுவுல மாட்டின பித்தளை மெலிஞ்சு, கடைசியில் கூடு ரெண்டா அறுந்துபோகும். அதனால கழுத்தும் தோளும் சேருற இடத்தில் தோட்டா லேசா இறுகும்படி, பழைய அளவைவிட 0.004 அங்குலம் குறைச்சு சேம்பரை அமைப்பாங்க. நாலு தௌ கணக்கு தப்பினா, சுடுறவர் முகத்துக்குப் பக்கத்துல விபரீதம்.

நேரான கூடு சுவரை நல்லா பிடிக்கும், அதனால போல்ட் மேல விழுற உதை குறையும்னு ஆக்லி சொன்னார். சரிவான டம்ளரை டம்ளருக்குள் வெச்சா சுலபமா கழண்டு வரும். நேரான குழாய்க்குள் குழாய் இறுகிக்கும். அதே தத்துவம். சொல்லிட்டு விட்டுடலை. வின்செஸ்டர் 94 துப்பாக்கி ஒன்றை எடுத்து, .30-30 இம்ப்ரூவ்டுக்குக் கடைந்து, பின்பக்கம் பூட்டுற பாகத்தையே கழட்டிட்டுச் சுட்டுக் காட்டினார். கூடு சேம்பரை விட்டு நகரலை!

இதை வெச்சு, நேரான கூடு இருந்தா பூட்டின் பலமே முக்கியமில்லைன்னு சிலர் முடிவுகட்டினாங்க. அது தப்பு. .30-30 மிதமான அழுத்தத் தோட்டா. அழுத்தம் ஏறினா உராய்வால் மொத்த உதையையும் தாங்க முடியாது; சேம்பரில் எண்ணெய்ப் பசை இருந்தா இருக்குற பிடிப்பும் போயிடும்.

போரில் தோற்ற நாட்டின் துப்பாக்கி என்பதால் ஜப்பானின் அரிசாகாவை அமெரிக்கர்கள் பழைய இரும்புன்னு ஒதுக்கினாங்க. ஆக்லி பல ராணுவ ரைஃபிள்களை உடையும்வரை சோதிச்சபோது, அரிசாகாதான் எல்லாரையும் வாயடைக்க வெச்சது.

தோல்வியையும் அவர் பார்த்திருக்கார். வினாடிக்கு 5,000 அடி வேகம் வேணும்னு, பெரிய .378 வெதர்பி கூட்டின் கழுத்தை .22 அளவுக்குச் சுருக்கினார். பேரே வேடிக்கை: இயர்கெஸ்ப்ளிட்டன் லவுடன்பூமர். 4,600 அடியோட நின்னுபோச்சு. சின்னக் குழாய்க்குப் பின்னால மருந்தைக் கொட்டிக்கிட்டே போனா வேகம் அதே கணக்கில் ஏறாதுங்கறதுக்கு இது நல்ல பாடம். தன் கண்டுபிடிப்பு எல்லாமே உசத்தின்னு அவர் வாதாடினதில்லை. 1962-லும் 1966-லும் வந்த அவருடைய இரண்டு கையேட்டுத் தொகுதிகளில், பிரயோஜனம் இல்லாத தோட்டாக்களை அப்படியே சொல்லியிருக்கார்.

1989-ல் ஆக்லி மறைந்தார். பதினெட்டு வருஷம் கழிச்சு, 2007-ல், .280 ஆக்லி இம்ப்ரூவ்டு அமெரிக்கத் தொழில்துறைத் தர அளவுகளில் சேர்ந்தது. பட்டறையில் கடைந்து, சுட்டுச் சுட்டு உருவாக்கின கூடு, இப்போ ஃபேக்டரியிலேயே அந்த வடிவத்தில் வருது, அவர் பேரோட.