மேரி கியூரியின் வாழ்வும் வீட்டிற்குள் வரும் ரேடான் வாயுவும்

மண்ணிலும் பாறையிலும் சிறிதளவு உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடான் என்னும் வாயுவாகிறது. இதற்கு நிறமும் மணமும் சுவையும் இல்லை. பல நாடுகளில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணம் இவ்வாயுவே. புலன்களுக்கு எட்டாத கதிர்வீச்சை அளவீட்டின் மூலம் உலகிற்குக் காட்டியவர் மேரி கியூரி.

1867இல் போலந்தின் வார்சாவில் பிறந்த மேரி, 1891இல் உயர்கல்விக்காகப் பாரிசு சென்றார். 1895இல் பியேர் கியூரியை மணந்தார். யுரேனியத் தாதுவின் கதிர்வீச்சை மின்னளவிக் கருவியால் அளந்தபோது, அதிலுள்ள யுரேனியத்தின் அளவைக் காட்டிலும் கதிர்வீச்சு மிகுதியாக இருப்பதைக் கண்டார். அந்த வேறுபாட்டைத் தொடர்ந்து ஆராய்ந்ததால் 1898இல் பொலோனியமும் ரேடியமும் கண்டறியப்பட்டன. இப்பணிகளுக்காக 1903இலும் 1911இலும் நோபல் பரிசு பெற்றார்.

அவர் பிரித்தெடுத்த தாதுக்கழிவு, இன்றைய செக் நாட்டின் யாக்கிமோவ் சுரங்கத்திலிருந்து வந்தது. அச்சுரங்கப் பகுதியின் தொழிலாளர்கள் பல தலைமுறைகளாக நுரையீரல் நோயால் இறந்துவந்தனர். அந்நோய் புற்றுநோய் என்பதும், சுரங்கக் காற்றில் நிறைந்திருந்த ரேடானே அதற்குக் காரணம் என்பதும் பிற்காலத்தில்தான் தெளிவாயின.

கதிர்வீச்சின் தீங்கு அறியப்படாத அக்காலத்தில் மேரி பாதுகாப்பின்றிப் பணியாற்றினார். 1934 ஜூலை 4 அன்று, எலும்பு மஜ்ஜை செயலிழப்பால் வரும் இரத்தசோகையால் தமது 66ஆம் வயதில் காலமானார். பல்லாண்டுகள் ரேடியத்தையும் எக்ஸ் கதிரையும் கையாண்டதே காரணம் எனக் கருதப்படுகிறது. வீட்டு ரேடானால் இந்நோய் வருவதாக அஞ்ச வேண்டியதில்லை. அது பாதிப்பது நுரையீரலை.

நம் வீடுகளில்

ரேடான் தரை விரிசல்கள், குழாய் நுழையும் இடைவெளிகள் வழியாக உட்புகுகிறது. ஆழ்வார்பேட்டை போன்ற பகுதிகளின் அடுக்ககங்களில் மேல்தளங்களைவிடத் தரைத்தளத்திலும் அடித்தளத்திலும் இதன் அளவு பொதுவாகக் கூடுதலாக இருக்கும். குளிர்சாதனத்திற்காக எப்போதும் மூடியுள்ள அறைகளில் இது தேங்கலாம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் மிகுந்திருப்பதால், அங்கு ரேடானின் மற்றொரு வடிவமான தோரானும் கருத்தில் கொள்ளப்படுகிறது.

அளத்தல்: ஆல்பா துகள் பதியும் சிறு கருவியை, அதிக நேரம் தங்கும் அறையில் மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் வைத்து, பின் ஆய்வகத்தில் கணக்கிடுவர். ரேடான் ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரலுக்குள் இருப்பது நன்று. இயலாவிடில் 300ஐத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

குறைத்தல்: நாள்தோறும் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் அளியுங்கள். தரை விரிசல்களை அடையுங்கள். அளவு மிகுந்திருந்தால், தரைக்கு அடியிலுள்ள காற்றைக் குழாயும் மின்விசிறியும் கொண்டு கூரைக்கு மேல் வெளியேற்றலாம்.

புகைபிடிப்போருக்கு ரேடானின் ஆபத்து பன்மடங்கு. ஆகவே புகையை விடுவதே முதற்பாதுகாப்பு. ரேடானைச் சுவாசிப்பதால் உடனடி அறிகுறி எதுவும் தோன்றாது. எனினும் மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு ஆகியவை இருப்பின் தாமதமின்றி மருத்துவரை அணுகுங்கள்.