282 மதிப்பெண்: பரேல் குடியிருப்பிலிருந்து கிரேஸ் இன் வரை

அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளான டிசம்பர் 6-ஐ ஒட்டிய நாள்களில்தான் அண்மை ஆண்டுகளாகத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வும் நடைபெறுகிறது. இளநிலைத் தேர்வில் 120 வினாக்கள், 120 நிமிடங்கள். ஏறத்தாழ 450 சொற்கள் கொண்ட ஆங்கிலப் பத்திகளை விரைந்து படித்து, அவற்றின் உட்பொருளை உய்த்துணர்ந்து விடையளிக்க வேண்டும். பிழையான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். வேறு எந்த இந்திய மொழியிலும் இத்தேர்வை எழுத இயலாது. தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே மாணவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய வேண்டுமானால் கிளாட் என்னும் ஆங்கில வாயிலைக் கடந்தாக வேண்டும். தமிழ்வழியில் பயின்று அந்த வாயிலின்முன் நிற்கும் முதல் தலைமுறை மாணவர்களிடம் அம்பேத்கர் எப்படிப் படித்தார் பாருங்கள் என்று சொல்வது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. சொல்பவர்களில் பலரும் அவர் எப்படிப் படித்தார் என்பதைச் சொல்வதில்லை.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைக் குடியிருப்பில் பிறந்த பீமாராவின் தாய்மொழி மராத்தி. குடும்பத்தின் பூர்வீகம் ரத்தினகிரி மாவட்டத்து அம்படவே. தந்தை இராம்ஜி சக்பால் பிரித்தானிய இந்தியப் படையில் சுபேதார். படைப்பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். பீமாராவின் கல்வி வரலாற்றில் இந்தச் செய்திக்கு உரிய இடம் பெரும்பாலும் தரப்படுவதில்லை. தீண்டத்தகாதோர் எனப்பட்ட மக்களுள் ஒரு சிறு பகுதியினருக்கு எழுத்தறிவும் ஆங்கிலமும் கிட்டிய வழி படைப்பணியாக இருந்தது. அந்தப் படையின் கதவுகளும் பின்னர் மகர் சமூகத்துக்கு அடைக்கப்பட்டன. இராம்ஜி அக்கதவு திறந்திருந்த காலத்தில் உள்ளே சென்று, கற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர். ஆகவே அண்ணலை வெறுங்கையோடு தொடங்கிய அற்புதமாகச் சித்திரிப்பது சரியன்று. அவருக்கு ஓர் ஆசிரியர் வீட்டிலேயே இருந்தார்.

சாத்தாரா அரசு உயர்நிலைப் பள்ளியில் பீமாராவ் சேர்ந்தது 1900 நவம்பரில். வகுப்பின் ஒரு மூலையில், வீட்டிலிருந்து கொண்டுசென்ற கோணிப்பையில் தனியே அமர வேண்டும். தண்ணீர்க் குழாயைத் தொடக்கூடாது. பிறர் திறந்துவிட்டால்தான் நீர். இவை நாம் பலமுறை படித்தவை. மொழி குறித்த செய்தி ஒன்று அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது. பள்ளியில் இரண்டாம் மொழியாக அவர் விரும்பியது சமற்கிருதம். தீண்டத்தகாத மாணவனுக்கு அதைக் கற்பிக்க ஆசிரியர் இசையாததால் பாரசீகம் படிக்க நேர்ந்தது. ஒரு செம்மொழியைச் சாதி தடுத்து வைத்திருந்த அதே வேளையில், அந்நிய ஆட்சியின் மொழி கட்டணம் கட்டியவருக்குக் கிடைத்தது. ஒடுக்கப்பட்டோர் ஆங்கிலத்தைப் பற்றிக்கொண்டதை அடிமை மனப்பான்மை என்று எள்ளுவோர் இந்தத் தெரிவு எந்தச் சூழலில் நிகழ்ந்தது என்பதைக் கணக்கில் கொள்வதே இல்லை. பிற்காலத்தில் அவர் சமற்கிருதத்தையும் தம் முயற்சியால் கற்றார் என்பது வேறு கதை.

இராம்ஜி ஆங்கிலம் கற்பித்த முறை எளியது, ஆனால் கடுமையானது. ஹோவர்டின் ஆங்கில வாசகங்களை மனனம் செய்ய வைத்தார். தர்க்கட்கரின் மொழிபெயர்ப்புப் பாடநூல்களை எடுத்துக்கொண்டு, மராத்தி வாக்கியங்களை ஆங்கிலத்துக்கும் ஆங்கில வாக்கியங்களை மராத்திக்கும் பெயர்த்தெழுதச் செய்தார். தாய்மொழியை மறக்கச் சொல்லித் தொடங்கிய கல்வியன்று அது. தெரிந்த மொழியில் கால் ஊன்றிக்கொண்டு தெரியாத மொழியை எட்டிப் பிடிக்கும் முயற்சி. நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையங்களில் சிந்தனையையே ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள் என்று அறிவுரை கேட்டுத் திகைக்கும் நம் மாணவர்களுக்கு இந்தச் செய்தி ஓரளவு ஆறுதல் தரக்கூடும்.

1904-ஐ ஒட்டிக் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த சால் குடியிருப்பில் ஒரே அறை. சமையல், உறக்கம், விறகு, பாத்திரம், படிப்பு எல்லாம் அதற்குள்ளேயே. மகன் மாலையிலேயே உறங்கிவிடுவான்; தந்தை விழித்திருப்பார்; பின்னிரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டுத் தாம் அந்த இடத்தில் படுப்பார். எண்ணெய் விளக்கொளியில் விடியும் வரை படிப்பு. இக்காட்சியை உழைப்பின் இலக்கணமாக மட்டும் நாம் வியக்கிறோம். இருவர் ஒரே வேளையில் கால் நீட்ட இடமில்லாத அறை என்பதே அதன் முதல் பொருள். இன்றும் இந்நாட்டின் நகரக் குடிசைப் பகுதிகளில் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை.

புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது இராம்ஜி மணமாகிச் சென்ற மகள்களிடம் போவார். கையில் பணம் இருந்தால் கொடுப்பார்கள். இல்லையேல் நகையைக் கழற்றித் தருவார்கள். அது அடகுக் கடைக்குப் போகும். புத்தகம் வீட்டுக்கு வரும். பாபாசாகேபின் பெருநூலகத்தைப் பற்றி எழுதிக் குவித்திருக்கும் நாம் அதன் முதல் நூல்களுக்கு விலை கொடுத்த அந்தச் சகோதரிகளைப் பற்றி எழுதியது சொற்பம்.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி அரசுப் பள்ளி. நகரின் பெயர்பெற்ற பள்ளி. அங்கும் ஒருநாள் கணக்கைச் செய்யக் கரும்பலகைக்கு அவரை ஆசிரியர் அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த உணவுப் பாத்திரங்கள் தீட்டாகிவிடும் என்று மாணவர்கள் பாய்ந்தோடி அவற்றை அப்புறப்படுத்தினர். அவர் எழுதிய பிறகுதான் கணக்கு சரியா தவறா என்ற பேச்சு.

1907-இல் மெட்ரிகுலேசன் தேர்வு. அதைப் பள்ளியிறுதித் தேர்வு என்று மட்டும் இன்று எண்ணிவிடுகிறோம். பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கான நுழைவுத் தேர்வே அது. அதைக் கடக்காமல் கல்லூரி இல்லை, பட்டம் இல்லை, பின்னாளில் சட்டம் இல்லை. அந்தத் தேர்வில் பீமாராவ் பெற்றது 750-க்கு 282. நூற்றுக்கு 38-கூட இல்லை. இந்த எண்ணைச் சில வாழ்க்கைக் குறிப்புகள் நாசூக்காகத் தவிர்த்துவிடுகின்றன. மேதையின் படத்துக்கு அது பொருந்தவில்லை போலும். தவிர்க்க வேண்டியதில்லை. அந்த மதிப்பெண்ணுக்காகப் பம்பாயில் பாராட்டுக் கூட்டமே நடந்தது. சமூகச் சீர்திருத்தவாதி எஸ்.கே. போலே தலைமை ஏற்றார். ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். ஒரு மகர் மாணவர் மெட்ரிகுலேசன் தேறுவது அத்துணை அரிய நிகழ்வாக இருந்தது. 282 என்பது ஒரு மாணவனின் அறிவை அளந்ததா, அல்லது அவனுக்கும் தேர்வுத்தாளுக்கும் இடையிலிருந்த தொலைவை அளந்ததா என்று தகுதி பற்றி ஓயாது பேசுவோர் எண்ணிப் பார்க்கலாம். அதே மாணவர்தான் பதினாறு ஆண்டுகளுக்குள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டத்தை ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வேட்டுக்காகப் பெற்றார்.

இடைப்பட்ட ஆண்டுகளை விரைந்து சொல்லிவிடலாம். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் அளித்த மாதம் 25 ரூபாய் உதவித்தொகையில் எல்பின்ஸ்டன் கல்லூரி. 1913-இல் தந்தையின் மறைவு. அவ்வாண்டே நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். 1916 மே மாதம் இந்தியாவில் சாதிகள் குறித்த ஆய்வுரை.

1916 நவம்பர் 11 அன்று இலண்டன் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் படிப்புக்குப் பதிவு செய்துகொண்டார். அதே காலத்தில் இலண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் சேர்ந்தார். மறுஆண்டே உதவித்தொகை முடிந்து நாடு திரும்ப நேர்ந்தது. படிப்பைக் குறிப்பிட்ட காலத்துக்குள் மீண்டும் தொடர இசைவு மட்டும் கையில் இருந்தது. கொலம்பியாவில் பயின்றவருக்குப் பரோடாவில் தங்க ஓர் அறை கிடைக்காத கொடுமையை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். பிறகு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் பணி, மாதம் 450 ரூபாய். அதில் மிச்சம் பிடித்து, நண்பர் நவல் பத்தேனாவிடம் கடன் பெற்று, கோலாப்பூர் சாகு மகாராசரின் உதவியையும் சேர்த்துக்கொண்டு, 1920-இல் மீண்டும் கப்பலேறினார். புறப்படும் முன் அவ்வாண்டு ஜனவரி 31 அன்று தொடங்கிய இதழுக்கு மூக்நாயக் என்று பெயரிட்டார். அது மராத்தி இதழ். ஆங்கிலத்தில் தேர்வெழுதியவர் தம் மக்களோடு பேசத் தம் மக்களின் மொழியைத்தான் எடுத்துக்கொண்டார்.

இங்கிலாந்தின் சட்டப் படிப்பில் அன்று வேடிக்கையான ஒரு விதி இருந்தது. தேர்வுகளில் தேறினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பருவத்திலும் இன்னின் கூடத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விருந்துண்டால்தான் அந்தப் பருவம் கணக்கில் சேர்ந்தது. வழக்கறிஞர்களும் மாணவர்களும் நீள மேசைகளில் சேர்ந்தமர்ந்து உண்டனர். சாத்தாராவில் குழாயைத் தொட இயலாதவருக்கும், கரும்பலகைக்குப் பின்னிருந்த சோற்றுப் பாத்திரங்கள் அகற்றப்படுவதைப் பார்த்து நின்றவருக்கும், சட்டம் பயிலச் சேர்ந்துண்ணுதல் ஒரு கட்டாயப் பாடமாக இருந்தது. அந்த மேசையில் அவர் என்ன எண்ணினார் என்று நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. மகாத் சவதார் குளக்கரைக்கு 1927-இல் மக்களை அழைத்துச் சென்றவர் அவர் என்பது போதும்.

அந்த விருந்துகள் தவிர்த்த நாள்களில் பட்டினிதான் மிகுதி. காலையில் பிரித்தானிய அருங்காட்சியக நூலகம் திறக்கும்போது நுழைந்து மாலையில் மூடும்போது வெளியேறுவார். இரவில் தங்குமிடத்தில் கொஞ்சம் போவ்ரில் சாறும் ஊரிலிருந்து வந்த அப்பளமும். பாரிஸ்டர் தேர்வுக்கு ரோமானியச் சட்டமும் படிக்க வேண்டும். ஆங்கிலம் என்னும் அயல்மொழிக்குள் இலத்தீன் என்னும் மற்றோர் அயல்மொழி. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் சேர 1921-இல் அவர் அனுப்பிய விண்ணப்பமோ ஜெர்மன் மொழியில் அவர் கைப்பட எழுதியது. பம்பாயிலோ இராமாபாய் வறுமையோடு போராடிக்கொண்டிருந்தார். அவர்களுடைய ஐந்து குழந்தைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர். ஒருவரின் படிப்புக்கு ஒரு குடும்பம் செலுத்திய விலை இது.

1922 சூன் 28 அன்று பாரிஸ்டர் ஆனார். மறுஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கியபோது, தீண்டத்தகாத பாரிஸ்டரிடம் வழக்குத் தரச் சொலிசிட்டர்கள் முன்வரவில்லை. ஆங்கிலம் வாயிலைத் திறந்தது. உள்ளே இருந்த நாற்காலியைத் தரவில்லை. மாவட்ட நீதிமன்றங்களுக்கும் சிற்றூர் வழக்குகளுக்கும் சென்றார். வருவாய் போதாமையால் 1925 முதல் 1928 வரை கணக்கியல் பயிற்சி நிறுவனமொன்றில் வணிகச் சட்டம் கற்பித்தார். 1926-இல் ஜெதே, ஜவல்கர் உள்ளிட்ட பார்ப்பனரல்லாத தலைவர்கள்மீது பார்ப்பனர்கள் தொடுத்த அவதூறு வழக்கில் அவர் வென்றபோதுதான் அந்தப் பெயர் நீதிமன்ற வளாகத்தைத் தாண்டிப் பரவியது. சவதார் குளத்து நீரைத் தீண்டத்தகாதோர் எடுக்கக்கூடாதெனச் சாதி இந்துக்கள் தொடுத்த வழக்கு பத்தாண்டுக் காலம் நடந்து, 1937 மார்ச் 17 அன்று உயர் நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிராக முடிந்தது.

அதற்கு முன்பே, 1935 சூனில், அவர் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்றிருந்தார். 282 மதிப்பெண்ணோடு பல்கலைக்கழகத்துள் நுழைந்தவர் சட்டம் பயில வருவோரைச் சேர்க்கும் இருக்கையில் அமர்ந்தார். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறுஆண்டு சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். அக்கழகத்தின் சட்டக் கல்லூரி பம்பாயில் திறக்கப்பட்டது 1956-இல், அவர் மறைந்த அதே ஆண்டில்.