ஜி.டி. நாயுடு: பைக்கைக் கழட்டிப் பார்த்தவர் கோவைக்கு விட்டுச்சென்றது என்ன?

கோவை அவினாசி சாலையில் கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர் நீளும் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி. நாயுடுவின் பெயரை வைத்தார்கள். உடனே, பெயரின் கடைசியில் சாதி இருக்கலாமா கூடாதா என்று சோஷியல் மீடியாவில் விவாதம் கிளம்பியது. அந்தச் சத்தத்தில் ஒரு கேள்வி அமுங்கிப்போனது. அந்த மனுஷன் அப்படி என்னதான் செய்தார்?

இந்தியாவின் எடிசன் என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பது வழக்கம். ஆனால் அவர் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால், கண்டுபிடிப்பாளர் என்பது அவருடைய இரண்டாவது முகம்தான். முதல் முகம் மெக்கானிக். மூடியிருக்கும் மெஷினைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, திரும்ப மாட்டத் தெரிந்தவர். அவர் செய்த மற்ற எல்லாம் அங்கிருந்துதான் வந்தது.

பள்ளிக்கூடம் பிடிக்காத பையன்

முழுப் பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. 1893 மார்ச் 23 அன்று, கோவைக்குக் கிழக்கே சூலூர் பக்கத்தில் உள்ள களங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றுபோனது. அதன்பிறகு வயல் வேலையும், தானாகத் தேடிப் படித்த புத்தகங்களும்தான்.

இன்றைக்கு ஒரு ஹெச்.ஆர். டேபிளில் இந்த ரெஸ்யூமை வைத்தால் முதல் ரவுண்டிலேயே தள்ளிவிடுவார்கள். இதே மனிதர்தான் பின்னாளில் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியை ஆரம்பித்து, அதன் முதல்வராகவும் இருந்தார்.

அந்த ரட்ஜ் பைக்

இளைஞனாக இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்தார். ரட்ஜ் என்ற இங்கிலாந்து கம்பெனியின் வண்டி. மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானாக ஓடுவது அந்தக் காலத்துக் கிராமத்துக்குப் பெரிய அதிசயம். மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். இவருக்கு மட்டும் அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

வாங்கக் காசு இல்லை. கோவைக்கு வந்து ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். பணம் சேர்த்தார். சில நூறு ரூபாய் கொடுத்து அந்த வண்டியை வாங்கினார். வாங்கியதும் அவர் செய்த முக்கியமான வேலை, அதை ஓட்டிக் காட்டியது அல்ல. பாகம் பாகமாகக் கழட்டினார். திரும்ப மாட்டினார்.

சர்வீஸ் மேனுவல் படித்துக்காட்ட ஆள் இல்லை, யூடியூப் வீடியோ இல்லை. ஆனால் அந்தக் கால இன்ஜினில் ஒரு வசதி இருந்தது. ஒவ்வொரு பாகத்தின் வேலையும் கண்ணுக்குத் தெரியும். கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கிறது, ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறது, பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது, அந்த அசைவு சக்கரத்தைச் சுற்றுகிறது. ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் அந்த வண்டியே பாடப்புத்தகம்.

ஒரு பஸ்ஸில் தொடங்கி 280 வரை

அடுத்த முயற்சி பருத்தி வியாபாரம். முதல் உலகப் போர்க் காலத்தில் நன்றாகச் சம்பாதித்தார். அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போய் அதை இழந்துவிட்டுத் திரும்பினார். கையில் மிஞ்சியது மெஷின் பற்றிய அறிவுதான்.

அப்போது கைகொடுத்தவர் கோவையின் பெரிய தொழிலதிபர் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் உதவியோடு கடனில் ஒரு பஸ் வாங்கி, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவே ஓட்ட ஆரம்பித்தார். டிரைவர் வேலையும் அவரே. வழியில் வண்டி நின்றால் இறங்கிப் பார்ப்பவரும் அவரே.

அந்த ஒற்றை பஸ், யுனைடெட் மோட்டார் சர்வீஸ் என்றும் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்றும் சொல்லப்படும் யு.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்தது. 1933 வாக்கில் அதில் சுமார் 280 பஸ்கள் ஓடின. நேரம் தவறாத சர்வீஸ் என்று பெயர் எடுத்தது.

இதை வெறும் பிசினஸ் வெற்றியாகப் பார்த்தால் பாதிதான் புரியும். பஸ் கம்பெனி என்பது உண்மையில் ஒரு ரிப்பேர் கம்பெனி. இன்ஜின் சூடாகும், பிரேக் தேயும், ஸ்பேர் பார்ட் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வண்டியை ஷெட்டில் நிறுத்திவைத்தால் நஷ்டம். பழசைச் சரிசெய்யவும், இல்லாத பார்ட்டை இங்கேயே செய்துகொள்ளவும் தெரிந்த பட்டறை இருந்தால்தான் இத்தனை வண்டிகளை ரோட்டில் வைத்திருக்க முடியும். ரிப்பேர் பண்ணத் தெரிந்த கை உற்பத்தி பண்ணும் கையாக மாறியது அந்த மாதிரிப் பட்டறைகளில்தான்.

மின்சாரம் வந்த ஊர்

1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவைக்குத் தாராளமாகக் கரண்ட் வந்தது. மில்கள் பெருகின. கிணற்றுத் தண்ணீரை இறைக்க மோட்டார் தேவைப்பட்டது. மழை குறைவான கொங்கு மண்ணில் மோட்டார் என்பது ஆடம்பரம் இல்லைங்க, வெள்ளாமைக்கே அதுதான் ஆதாரம்.

1937-ல் பீளமேட்டில் இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டார் உருவானது. அந்த முயற்சியில் முக்கியமானவர் டி. பாலசுந்தரம் நாயுடு. அவரோடு சேர்ந்து நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் என்ற நிறுவனத்தை நடத்தியவர் ஜி.டி. நாயுடு. மோட்டாருக்கும் பம்புக்கும் கோவை என்று இன்று நாடு முழுக்கச் சொல்வதற்குப் பின்னால் இப்படிப்பட்ட பல பேரின் உழைப்பு இருக்கிறது. ஒருத்தர் மட்டும் கட்டிய ஊர் இல்லை இது.

ஷேவர், ரேடியோ, கார்

அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கருவிகளின் பட்டியல் நீளமானது. மெல்லிய ஷேவிங் பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, முறைகேடு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம். இவற்றில் அதிகம் பேசப்பட்டது ராசண்ட் என்ற ஷேவர். உலர் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் அதற்குள் இருந்தது. பிளக் பாயிண்ட் இல்லாத வீட்டிலும், ரயில் பயணத்திலும்கூட ஷேவ் பண்ணலாம். பல கிராமங்களுக்குக் கரண்டே வராத காலத்தில் இது எவ்வளவு யோசித்துச் செய்த விஷயம் என்பது புரியும்.

1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இங்கேயே தயாரிக்க முடியும் என்று அறிவித்தார். வால்வு என்பது பல்பு மாதிரி இருக்கும் கண்ணாடிக் குழாய். டிரான்சிஸ்டர் வருவதற்கு முன் ரேடியோவின் உயிர் அதில்தான் இருந்தது. ஐந்து வால்வு செட்டில் ஒன்று அலைவரிசையை மாற்றும், ஒன்று சிக்னலைப் பெருக்கும், ஒன்று அதிலிருந்து ஒலியைப் பிரிக்கும், ஒன்று ஸ்பீக்கரை ஓட்டும், இன்னொன்று மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றும். பெரும்பாலும் இவை சாக்கெட்டில் செருகியிருக்கும். ஒன்று போனால் அதை மட்டும் பிடுங்கிவிட்டு வேறு மாட்டலாம். பெட்டியையே தூக்கிப் போட வேண்டியதில்லை.

1952-ல் இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான் ஆகும் என்றார். அரசு உரிமம் கிடைக்கவில்லை. அந்தக் கார் சந்தைக்கு வரவே இல்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவர் செய்ததில் பல விஷயங்கள் மாதிரி வடிவத்தோடு நின்றுபோயின. உரிமம், வரி, மூலப்பொருள், முதலீடு என்று எல்லாம் ஒத்துவந்தால்தான் ஒரு மாதிரி பொருளாகிக் கடைக்கு வரும். திறமை மட்டும் போதாது.

ஹோப் காலேஜ் என்ற பெயர் எப்படி வந்தது?

கோவையில் பஸ் ஏறும் எல்லோருக்கும் ஹோப் காலேஜ் ஸ்டாப் தெரியும். அங்கே அந்தப் பெயரில் எந்தக் கல்லூரியும் இல்லையே என்று யோசித்திருக்கலாம். இருந்தது. மதராஸ் மாகாண ஆளுநராக இருந்த சர் ஆர்தர் ஹோப்பின் பெயரில், 1945-ல் பாலிடெக்னிக்கும் இன்ஜினீயரிங் கல்லூரியும் தொடங்கக் காரணமாக இருந்தவர் ஜி.டி. நாயுடு. அந்தக் கல்லூரிதான் பின்னால் தடாகம் சாலைக்கு மாறி, இன்று ஜி.சி.டி. என்று எல்லோரும் சொல்லும் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக நிற்கிறது. பெயர் மட்டும் பழைய ஸ்டாப்பிலேயே தங்கிவிட்டது.

கல்லூரி முதல்வராக அவர் முன்வைத்த யோசனை அன்று பலருக்கு அதிர்ச்சி. நான்கு வருடப் படிப்பு நேர விரயம், ஒழுங்காகக் கையால் வேலை செய்யக் கற்றுக்கொடுத்தால் இரண்டு வருடமே போதும் என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

இரண்டு வருடம் போதுமா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கலாம். தியரி இல்லாமல் பாலம் கட்ட முடியாது. ஆனால் டிகிரி வாங்கியும் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாமல் வெளியே வருகிறார்கள் என்ற புகார் 80 வருடம் கழித்தும் ஓயவில்லையே.

கோபம் வெளியே வந்தபோது

சுதந்திரத்துக்குப் பிறகும் அரசோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. வரிக் கொள்கையும் உரிம நடைமுறையும் உழைப்பவனின் கையைக் கட்டுகின்றன என்று நினைத்தார். 1950-களில், தான் உருவாக்கிய கருவிகளைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்து எதிர்ப்பைக் காட்டினார். வாழ்நாள் முழுக்க உடைந்ததை ஒட்டவைத்தவர், நன்றாக ஓடுகிற பொருட்களைத் தானே உடைத்தார். அது சரியா தப்பா என்று இரண்டு பக்கமும் பேசலாம். ஆனால் அந்த அளவுக்கு ஒருவரை நொந்துபோக வைத்தது என்ன என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது.

1974 ஜனவரி 4 அன்று காலமானார். வயது 80.

பழைய டிவி கேமுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

90-ஸ் கிட்ஸுக்கு இது சுலபமாகப் புரியும். டிவி கேமில் கேசட் போட்டால் படம் வராது. எடுத்து, ஊதி, திரும்பச் செருகுவோம். பிரச்சினை உண்மையில் தூசி மட்டும் இல்லை. கேசட்டின் அடியில் உள்ள உலோக முனைகளில் படியும் ஆக்சைடு மின்தொடர்பைக் கெடுக்கிறது. ஊதும்போது வாயின் ஈரம் அதை மேலும் அரிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்தப் பெட்டியை இன்றைய டிவியில் இணைக்க ஏ.வி. சிக்னலை ஹெச்.டி.எம்.ஐ.-ஆக மாற்றும் சின்ன கன்வெர்ட்டர் போதும். பழைய கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தடவையும் தேதி மாறிப்போனால், மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரியை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்தது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் பத்து வருட லேப்டாப்கூட எழுந்து ஓடும். வீங்கிப்போன கெப்பாசிட்டரை மாற்றக் கொஞ்சம் சால்டரிங் தெரிய வேண்டும். ஆனால் பழைய பிக்சர் டியூப் டிவியையும் பவர் சப்ளையையும் அனுபவம் இல்லாமல் திறக்கக் கூடாது. கரண்டை நிறுத்திய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இதெல்லாம் ரட்ஜ் பைக்கைக் கழட்டிய அதே வேலைதான். திறக்க முடிந்ததால் புரிந்தது. புரிந்ததால் சரிசெய்ய முடிந்தது. சரிசெய்யத் தெரிந்ததால் இன்னும் நல்லதாகச் செய்யலாமே என்று தோன்றியது.

இப்போது நம் கையில் இருப்பவை வேறு மாதிரி. போனைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பல லேப்டாப்களில் ரேமை போர்டோடு சேர்த்தே சால்டர் பண்ணிவிடுகிறார்கள். சில கருவிகளில் வேறு பார்ட் போட்டால் சாஃப்ட்வேரே ஏற்றுக்கொள்வதில்லை. மெலிசாக இருக்க வேண்டும், தண்ணீர் புகக் கூடாது என்பதற்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலை, ரிப்பேர் செலவோடு நிற்பதில்லை. கழட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் அடுத்த பையனுக்கும் பொண்ணுக்கும் கதவு மூடுகிறது.

இதற்கான விவாதம் இந்தியாவிலும் தொடங்கிவிட்டது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ரைட் டு ரிப்பேர் தளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் எலெக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகளில், ரிப்பேர் விவரங்களை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பதுதான் நோக்கம்.

நேரில் பார்க்க

அவினாசி சாலையில், புது மேம்பாலத்துக்குப் பக்கத்திலேயே ஜி.டி. நாயுடுவின் தொழிற்கண்காட்சி இருக்கிறது. பழைய ரேடியோ, கேமரா, ஷேவர், இன்ஜின் என்று அவர் சேர்த்தவையும் செய்தவையும் அங்கே உள்ளன. பழைய கார்களுக்கென்று தனி மியூசியமும் உண்டு. மேலே பாலத்தில் பத்து நிமிடத்தில் கடந்துபோகிற ஒரு நாளில், கீழே இறங்கி ஒரு மணி நேரம் செலவழிக்கலாம். பரணில் தூங்கும் பழைய டிவி கேமை எடைக்குப் போடுவதற்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.