எம்.பி.பி.எஸ் கிடைக்காத டாக்டர்... புற்றுநோய்க்கே மருந்து தந்த சுப்பாராவ்!

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு மாணவர், காந்தியின் அழைப்பைக் கேட்டு ஆபரேஷன் தியேட்டருக்கும் கதர் உடையிலேயே போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு? எம்.பி.பி.எஸ் பட்டம் இல்லை. அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ் சான்றிதழ்தான் கிடைத்தது.

அவர்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனையே மூன்றாவது தடவைதான் பாஸ் பண்ணினார்!

சகோதரர்கள் இருவரை அடுத்தடுத்துப் பறித்தது ஸ்ப்ரூ என்ற நோய். சாப்பிடுகிற சத்து எதுவும் உடம்பில் ஒட்டாது, ஆளே உருகிப்போவார்கள். அப்போது அதற்குச் சரியான மருந்து கிடையாது. அந்தக் கேள்வியோடு கப்பலேறி, அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். ஊரில் விட்டுவிட்டுப் போன மனைவியை அதன்பிறகு அவர் பார்க்கவே இல்லை.

டாக்டருக்குப் படித்தவர், பாஸ்டன் மருத்துவமனையில் நோயாளிகளின் பெட்பேன் கழுவிப் பிழைத்தார். பிறகு உயிர்வேதியியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்க 1925-ல் சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்ந்து ஒரு முறையைக் கண்டுபிடித்தார். நம் செல்களுக்கு சக்தி தரும் ஏ.டி.பி-யையும் இருவரும் பிரித்தெடுத்தார்கள். ஆனாலும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை.

1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்கு மாறினார். 1945-ல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்திலேயே தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அதுவே மருந்தானது!

அத்தோடு நிற்கவில்லை. செல்கள் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைப்போலவே இருக்கும் ஒரு போலியைக் கொடுத்தால், புற்றுநோய் செல் ஏமாந்து பெருகுவதை நிறுத்தும். அப்படி உருவான அமினோப்டெரினை, ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு, தற்காலிகமாகத்தான் என்றாலும், நல்ல முன்னேற்றம். கீமோதெரபியின் ஆரம்ப அத்தியாயம் அது.

யானைக்கால் நோய்க்கான டி.இ.சி மாத்திரை, ஆரியோமைசின் ஆன்டிபயாட்டிக் என அவர் தலைமையில் வந்தவை இன்னும் உண்டு.

1948-ல், 53 வயதில் சுப்பாராவின் இதயம் நின்றது. பெயர் பெரிதாகப் பரவவில்லை. ஆனால், வீட்டில் யாராவது கர்ப்பமானால் டாக்டர் முதலில் எழுதித்தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரைக்குப் பின்னால் இருக்கிறது, அந்த எல்.எம்.எஸ் டாக்டரின் உழைப்பு!