கைதி எண் 9653: ஜெயிலில் இருந்தே அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற யூஜின் டெப்ஸ்

2024-ல் டொனால்ட் டிரம்ப் ஒரு கிரிமினல் வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பானதும், 'இனி அவர் அதிபர் தேர்தலில் நிற்க முடியுமா?' என்று நீங்களும் யோசிச்சிருப்பீங்க. அமெரிக்காவுக்கு இது புதுசு இல்லை. 1920-லேயே ஒருத்தர் ஜெயிலுக்குள் இருந்தபடி நின்று காட்டிட்டார். அவர் பெயர் யூஜின் டெப்ஸ்.

1855-ல் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுட்டு ரயில்வே வேலைக்குப் போனார். பெயின்ட் சுரண்டினார், பிறகு எஞ்சினில் ஃபயர்மேன் ஆனார். 1893-ல் அமெரிக்கன் ரயில்வே யூனியனைத் தொடங்கினார். அடுத்த வருஷமே புல்மன் கம்பெனி கூலியைக் குறைத்தது. தொழிலாளர்கள் குடியிருந்த கம்பெனி வீடுகளின் வாடகையை மட்டும் குறைக்கலை. வேலைநிறுத்தம் வெடித்தது, அரசு ராணுவத்தை இறக்கியது. கோர்ட் தடையை மீறியதாக டெப்ஸுக்கு 6 மாத ஜெயில். உள்ளே சோஷலிசப் புத்தகங்களைப் படித்தார். சில வருஷத்தில் முழு சோஷலிஸ்ட் ஆகிட்டார்.

1900, 1904, 1908, 1912 என நான்கு முறை அதிபர் தேர்தலில் நின்றார். 1912-ல் சுமார் 9 லட்சம் ஓட்டு, அதாவது 6 சதவீதம். சின்னக் கட்சிதான். ஆனால் பிரசாரத்தையே அவர் பாடம் நடத்தும் மேடையாகப் பார்த்தார்.

முதல் உலகப் போர் நேரம். 1918 ஜூன் 16-ல் ஒஹையோவின் கான்டன் நகரில், போரை எதிர்த்து ஜெயிலுக்குப் போன தோழர்களைப் பார்த்துட்டு, எதிரே இருந்த பூங்காவில் பேசினார். சண்டையை அறிவிப்பது முதலாளிகள், சாவது தொழிலாளிகள் என்பதுதான் சாராம்சம். அந்த ஒரு பேச்சுக்கு 10 வருஷத் தண்டனை! அப்போது அமலில் இருந்த உளவுச் சட்டம் பெயருக்குத்தான் உளவு. ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பதற்கு இடைஞ்சலான பேச்சும் அதில் குற்றம். விசாரணையில் டெப்ஸ் சாட்சிகளை அழைக்கலை. பேசியதை மறுக்கவும் இல்லை. 1919-ல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை ஒருமனதாக உறுதி செய்தது. அப்போது அவருக்கு வயது 63.

சரி, கைதி எப்படி வேட்பாளர் ஆக முடியும்? அமெரிக்க அரசியல் சாசனம் அதிபருக்குக் கேட்பது மூணே தகுதி: பிறப்பால் குடிமகன், 35 வயது, 14 வருஷம் அங்கே வசித்திருக்கணும். ஜெயிலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நம்ம நாட்டில் கதை வேற. 2 வருஷமோ அதற்கு மேலோ தண்டனை கிடைத்தால் பொதுவாகத் தேர்தலில் நிற்க முடியாது. விசாரணைக் கைதிக்குத் தடையில்லை. 1977-ல் ஜார்ஜ் பெர்னாண்டஸ் ஜெயிலில் இருந்தே முசாஃபர்பூரில் ஜெயித்தது ஞாபகம் இருக்கா? அவரும் சோஷலிஸ்ட், அவரும் ரயில்வே யூனியன் தலைவர்.

1920 பிரசாரத்தில் டெப்ஸின் கட்சிக்காரர்கள் கைதி எண் 9653 என்று பொறித்த பேட்ஜ் குத்திக்கிட்டுத் திரிந்தாங்க. அட்லாண்டா ஜெயிலில் அடைபட்டவருக்கு 9 லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. நாடு முழுக்கப் பெண்களும் ஓட்டுப் போட்ட முதல் அதிபர் தேர்தல் அது என்பதால், சதவீதம் என்னவோ சுமார் 3.4 தான்.

அதிபர் வில்சன் கடைசிவரை இரங்கலை. அடுத்து வந்த ஹார்டிங், 1921 கிறிஸ்துமஸ் நாளில் டெப்ஸை வெளியே விட்டார். மறுநாளே வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுச் சந்திச்சார். ஆனால் அது தண்டனைக் குறைப்பு மட்டுமே, மன்னிப்பு இல்லை. ஜெயிலில் கெட்டுப்போன உடம்பு தேறவே இல்லை. 1926 அக்டோபர் 20-ல், 70 வயதில் டெப்ஸ் காலமானார்.